புது காலிப்பர் என்று சொல்லி பெயின்ட் அடித்த பழையதை அனுப்பினான். 4,850 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி, அந்தக் காலிப்பரை (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேடால் இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பாகம்) விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். மூன்று நாளாக மரியாதையாகப் பேசிப் பார்த்தாகிவிட்டது. இனி எழுதாமல் இருக்க முடியாது. காருக்கு உதிரிபாகம் ஆன்லைனில் வாங்குகிறவர்கள், அதுவும் பிரேக் சம்பந்தப்பட்டதை வாங்குகிறவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது 2013 மாடல் சின்ன கார். போன வாரத்துக்கு முந்தின வாரம் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய்த் திரும்பும்போது வண்டி இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் நிறுத்தினால் கருகல் வாடை. இடது முன் சக்கரத்தின் ரிம்மில் விரல் வைக்க முடியவில்லை, வலது பக்கம் சாதாரணச் சூடுதான். கழற்றிப் பார்த்தேன். காலிப்பரில் டஸ்ட் பூட் என்கிற ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் இறங்கி, பேடைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்து ஜாம் ஆகியிருந்தது. சி-கிளாம்ப் போட்டு இறுக்கியும் உள்ளே போகவில்லை. பேட் மாற்றுவதெல்லாம் பத்து வருஷமாக நானே செய்கிறேன், காலிப்பரையும் நானே மாற்றி, பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பக்கத்துக் கடையில் கேட்டதற்கு 6,900 ரூபாய், வரவழைக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். உதிரிபாகங்களுக்கென்றே இருக்கும் ஒரு ஆப்பில் தேடினேன். அதே காலிப்பர், புதியது, இடது பக்கம் என்று போட்டோவோடு 5,600 ரூபாய்க்குப் போட்டிருந்தது. விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் வேறு. என் நம்பரைக் கொடுத்து, இது என் வண்டிக்குச் சேருமா என்று கேட்டேன். பத்து நிமிஷத்தில் அவனே கூப்பிட்டான்.

அந்த போன் காலைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். எடுத்த எடுப்பில் விலை பேசவில்லை. "ஆர்சி புக்குல இருக்கற சேசிஸ் நம்பர் அனுப்புங்கண்ணா, செக் பண்ணாம நான் தர மாட்டேன்" என்றான். அனுப்பினேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டு, சரியாகச் சேரும், கம்பெனி பாக்ஸிலேயே வரும் என்றான். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற ஆள் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? அப்புறம்தான் சொன்னான், "ஆப்ல போட்டா அவங்க கமிஷன் புடிப்பாங்கண்ணா. நேரா அனுப்பிடுங்க, 4,850-க்கு முடிச்சுத் தர்றேன். பிரேக் ஐட்டத்துல விளையாட மாட்டேண்ணா, எனக்கும் பொண்ணு இருக்கு."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். போனை வைப்பதற்குள் 4,850 ரூபாயை யு.பி.ஐ.யில் அனுப்பிவிட்டேன்.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. வெறும் அட்டைப்பெட்டி, கம்பெனி பாக்ஸ் இல்லை. ஆனால் சாமான் வெள்ளியாகப் பளபளத்தது, மேலே 'எல்.ஹெச்', அதாவது இடது பக்கம் என்று ஸ்டிக்கர். ஞாயிறு காலையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர். மூடியில் போட்டிருந்த கிரேடு பார்த்துத்தான் பிரேக் ஆயிலும் வாங்கியிருந்தேன். எதிலும் அவசரப்படவில்லை.

மனைவி பெடலில் உட்கார்ந்தாள். நான் காலிப்பரில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில் டியூப் சொருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டு, "அழுத்து... பிடி..." என்று சொல்லி நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன், மூடுவேன், "விடு" என்பேன். டேங்கில் ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருந்தோம். டியூபில் குமிழி வருவது நின்றுவிட்டது, ஆனால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. மறுபடி, மறுபடி. அரை லிட்டர் பாட்டில் ஒன்று தீர்ந்து இரண்டாவதை உடைத்தோம். பதினொரு மணிக்கு ஆரம்பித்தது, இரண்டரை ஆகிவிட்டது. "என்னங்க, கால் வலிக்குது, இன்னும் கீழதான் போகுது" என்றாள்.

தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாயைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "சார், நிப்பிள் ஏன் கீழ இருக்கு?"

காற்று மேலேதான் ஏறும். அதனால்தான் நிப்பிளைக் காலிப்பரின் உச்சியில் வைக்கிறார்கள். வலது பக்கத்துக் காலிப்பரை இடது பக்கம் மாட்டினால் போல்ட் எல்லாம் சேர்ந்துவிடும், நிப்பிள் மட்டும் தலைகீழாகக் கீழே வந்துவிடும். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் மேலே தங்கிய காற்று அப்படியே இருக்கும். பெடலை மிதித்தால் அந்தக் காற்றுதான் நசுங்கும், பேட் டிஸ்க்கைப் பிடிக்காது. பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஸ்டிக்கரை நம்பிவிட்டேன்.

பாய் அந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் வார்ப்பிலேயே 'ஆர்' என்று எழுத்து. அதை மறைக்கத்தான் ஸ்டிக்கர்! அதைவிடக் கொடுமை, ஆயில் வழிந்த இடத்திலெல்லாம் அந்த வெள்ளிப் பெயின்ட் தோல் மாதிரி சுருண்டு வந்துகொண்டிருந்தது. துணியால் துடைத்தால் துருப்பிடித்துக் குழி குழியான இரும்பு. டஸ்ட் பூட்டைத் தள்ளிப் பார்த்தால் பிஸ்டன் முழுக்கக் கோடு. எந்தக் காலத்திலோ எந்த வண்டியிலோ கழற்றிய பழைய காலிப்பர். "கழட்டி, நிப்பிளை மேல திருப்பிப் புடிச்சு ஏரை எடுத்துடலாம் சார். ஆனா இந்தப் பிஸ்டனை நம்பி வண்டில குழந்தைங்கள ஏத்தாதீங்க" என்றார் பாய். பழைய சாமான், பக்கமும் தப்பு. இதற்கு 4,850 ரூபாய்.

அன்றைக்கே போன் செய்தேன். "மாட்டிட்டீங்களாண்ணா? மாட்டின பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோமே." மாட்டாமல் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, போட்டோ அனுப்பச் சொன்னான். ஆறு போட்டோ, ஒரு வீடியோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. திங்கள்கிழமை வேறு ஒரு குரல் எடுத்து, "அவரு ஊருக்குப் போயிருக்காரு." செவ்வாய்க்கிழமை அவனே எடுத்து, "ஏர் எடுக்கத் தெரியாம பொருளைக் குறை சொல்றீங்க" என்றான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. நேற்று பிளாக்.

ஆப்பின் வாடிக்கையாளர் சேவையில் ஆர்டர் நம்பர் கேட்டார்கள். இல்லை என்றேன். தளத்துக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பில்லை என்று மெயில் அனுப்பிவிட்டார்கள். அவனுடைய பழக்கமே அதுதானே, ஆளை உங்கள் தளத்தில் பிடித்து வெளியே இழுத்துப் போகிறான் என்று ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினேன். மறுபடியும் அதே மெயில், வரிக்கு வரி. இன்று காலையில் பார்த்தேன், அதே போட்டோ, அதே 5,600, அதே பச்சை டிக். இன்னொருத்தர் வாங்கி, ஏர் எடுத்தாகிவிட்டது என்று நினைத்து பைபாஸில் ஏறினால் என்ன ஆகும்?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசில்லை. ஆப்பை விட்டு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். மாட்டுவதற்கு முன் பழையதைப் பக்கத்தில் வையுங்கள், நிப்பிள் மேலே வருகிறதா பாருங்கள், ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். பெடல் கெட்டியாக நிற்கும்வரை வண்டியை வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, அங்கேயும் போவேன். பக்கத்துக் கடையில் அதே 6,900 கொடுத்து வாங்கி நேற்று மாட்டியாகிவிட்டது, முக்கால் மணி நேரத்தில் பெடல் கல் மாதிரி நின்றது. அந்த 4,850 ரூபாய் இரும்பைத் தூக்கிப் போடவில்லை. உரித்த ஸ்டிக்கரோடு பழைய பேப்பரில் சுற்றி, பில் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.