பச்சை விளக்கை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள்: டேப் ஓட்டோலோடர் வாங்குவோருக்கு

கொழும்பில் சேர்வருக்கு டேப் ஓட்டோலோடர் (தரவின் காப்புப் பிரதியை, அதாவது பக்கப்பை, காந்த டேப்புகளில் எழுதி, டேப்பை ரோபோவே மாற்றிப் போடும் பெட்டி) பூட்டப் போகிறீர்களா? கொட்டேஷனுக்கு ஓம் சொல்ல முன்னம் இதை வாசியுங்கள். காலி வீதிப் பக்கம் உள்ள ஒரு கொம்பனி எங்கள் அலுவலகத்துக்கு எட்டு ஸ்லொட் (டேப் வைக்கும் இடம்) உள்ள எல்டிஓ-7 (எல்டிஓ டேப் வகையின் ஏழாம் தலைமுறை) பெட்டி ஒன்றை விற்றுப் பூட்டித் தந்தது. டேப்பில் எழுதி வாசிக்கும் டிரைவில் பச்சை விளக்கு எரிந்தது. 'எல்லாம் ஓகே' என்று ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று இடத்தில் ஏமாந்திருக்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

முதலாவது, கொள்ளளவு. கொட்டேஷனில் '120 டிபி' (டெராபைட்) என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எல்டிஓ-7 டேப் ஒன்று உண்மையில் கொள்வது 6 டிபி. உறையில் உள்ள 15 டிபி, தரவு 2.5 மடங்கு சுருங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஸ்கான் செய்த பிடிஎஃப், ஜேபெக் படங்கள், சிசிடிவி பதிவுகள், வீம் என்ற பக்கப் மென்பொருள் ஏற்கெனவே சுருக்கி வைத்த பக்கப் கோப்புகள், இவையெல்லாம் டிரைவுக்குள் போய் இன்னொரு தடவை சுருங்காது. டிரைவைச் சுத்தம் செய்யும் கிளீனிங் டேப்புக்கு ஒரு ஸ்லொட்டை ஒதுக்கினால் மிச்சம் ஏழு, அதாவது 42 டிபி. பேரம் பேசும்போது சுருக்காத எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எல்டிஓ-6 என்றால் 2.5, எல்டிஓ-8 என்றால் 12, எல்டிஓ-9 என்றால் 18 டிபி.

இரண்டாவது, ரோபோ. எங்கள் முழு பக்கப் 9 டிபி. ஒரு டேப்பில் அடங்கும் என்றார்கள், இரண்டு தேவைப்பட்டது. அதுகூடப் பரவாயில்லை, இரண்டாவதை ரோபோ மாற்றிப் போடட்டும் என்றுதானே இந்தப் பெட்டியை வாங்குவது. சனிக்கிழமை இரவு முதல் டேப் நிரம்பியதும் வேலை அப்படியே நின்றுவிட்டது. கேட்டால், 'முன் பனலில் கையால் மாத்தலாம் சேர்' என்று பதில்.

காரணம் இதுதான். ஓட்டோலோடர் ஒரே கேபிளில் இரண்டு சாதனங்களாகத் தெரியவேண்டும்: லன் (ஒரே கேபிளில் உள்ள சாதனங்களைப் பிரித்தறியும் எண்) 0 டிரைவ், லன் 1 ரோபோ. இதற்கு வெளிப்புற போர்ட் உள்ள சாதாரண எஸ்ஏஎஸ் எச்பிஏ கார்டு (சேர்வரை வெளிச் சாதனத்தோடு நேரடியாக இணைப்பது) வேண்டும். வந்தவர்கள் கார்டுச் செலவை மிச்சம் பிடிக்க, சேர்வரில் ஏற்கெனவே இருந்த ரெயிட் கார்டிலிருந்து ஒரு போர்ட்டைப் பின்பக்கம் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். ரெயிட் கார்டு பல வட்டுகளைச் சேர்த்து நிர்வகிப்பதற்கானது. பெரும்பாலானவை டேப்பை ஒழுங்காகக் கடத்தாது. இங்கே டிரைவ் மட்டும் தெரிந்தது, ரோபோ தெரியவே இல்லை. ஆனால் பில்லில் 'எஸ்ஏஎஸ் கார்டு 1' என்று தனி வரி! விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் 'டேப் டிரைவ்ஸ்', 'மீடியம் சேஞ்சர்' (ரோபோ) என இரண்டு தலைப்பும் இருக்கவேண்டும். லினக்ஸ் என்றால் எல்எஸ்ஸ்கஸி (lsscsi) கட்டளையில் 'டேப்' (tape), 'மீடியம்எக்ஸ்' (mediumx) என இரண்டு வரி. ஒன்று குறைந்தாலும் ஆட்களைப் போகவிடாதீர்கள். கேபிளின் இரு முனையின் வகையையும் கொட்டேஷனிலேயே எழுதுவிக்கவேண்டும். கார்டுப் பக்கம் எஸ்எஃப்எஃப்-8644, டிரைவ் பக்கம் எஸ்எஃப்எஃப்-8088 என்று வித்தியாசமாக வருவது சாதாரணம்.

மூன்றாவது, டேப். இதுதான் மோசம். 'புத்தம் புதிது' என்று பத்து டேப் தந்தார்கள், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள். ஒன்றின் முன் விளிம்பில், பார்கோட் ஒட்டும் பள்ளத்தில், விரல் ஒட்டியது. பழைய லேபிளை உரித்த பசை, அதில் தூசு வேறு. எல்டிஓ டேப் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறிய சிப் உண்டு. எத்தனை தடவை ஏற்றப்பட்டது, வாழ்நாளில் எவ்வளவு எழுதப்பட்டது என்பதை அது குறித்து வைக்கும். டேப்பை மேலால் அழித்தாலும் அந்தக் கணக்கு அழியாது. டேப்பை டிரைவில் ஏற்றி, லினக்ஸில் எஸ்ஜி3-யூட்டில்ஸ் தொகுப்பிலுள்ள எஸ்ஜி_ரீட்_ஆட்ர் (sg_read_attr) கட்டளையைக் கொடுத்தால் 'லோட் கவுண்ட்' என்ற வரி வரும். புது டேப் என்றால் 0 அல்லது 1. அந்தப் பசை டேப்பில் 143. பத்தில் ஆறு இப்படி. டிரைவையும் இதேபோல் பாருங்கள்: எஸ்ஜி_லொக்ஸ் (sg_logs) கட்டளையில் 0x14 பக்கத்தைக் கேட்டால் வாழ்நாளில் எத்தனை டேப் ஏற்றியது, எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று டிரைவே சொல்லும். (போகும்போது 'பழைய டேப்புகளை நாங்களே அழிச்சு விடுறம்' என்றும் கேட்டார்கள். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவையும் யாருக்கோ புது உறையில் போயிருக்கும், எங்கள் தரவோடு.)

சண்டை பிடித்ததும் சமாதானத்துக்கு ஒன்று சொன்னார்கள்: அதே விலைக்கு எல்டிஓ-8 டிரைவ். கேட்க நல்லாயிருக்கும். எல்டிஓ-7 டிரைவ் இரண்டு தலைமுறை பின்னால் போய் எல்டிஓ-5, எல்டிஓ-6 டேப்பை வாசிக்கும், எழுதுவது எல்டிஓ-6 வரை. எல்டிஓ-8 அப்படியல்ல, எல்டிஓ-7க்குக் கீழே எதையும் வாசிக்காது. அலுமாரியில் எல்டிஓ-6 டேப் இருப்பவர்களுக்கு அந்த 'இலவச' உயர்வு, பழைய கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டுத் திறப்பைக் கடலில் எறிவது மாதிரி.

சிறு விசயங்களும் உண்டு. டேப்புக்கு லேபிள் ஒட்டாமலே தந்தார்கள். ஆறு எழுத்தும் கடைசியில் எல்7 என்பதும் உள்ள பார்கோட் இல்லாவிட்டால் மென்பொருள் ஒவ்வொரு டேப்பையும் ஏற்றித்தான் இன்னது என்று அறியும். பின்னேரம் ஆறு மணிக்கு ஏசியை நிறுத்தும் கட்டடம் என்றால் இரவுப் பக்கப் ஓடும் நேரத்தில் அறையின் ஈரப்பதத்தை அளந்து பாருங்கள். டிரைவுக்குப் பொதுவாகச் சொல்லும் மேல் எல்லை 80 வீதம், கொழும்புக் காற்று அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

கடைசிக் கட்டணத்தைக் கொடுக்க முன்னம் அவர்கள் முன்னாலேயே இதைச் செய்விக்கவேண்டும்: இரண்டு டேப்பில் பரவும் அளவுக்கு எழுதுங்கள், ரோபோவே மாற்றட்டும். பெட்டியை நிறுத்தி மீண்டும் போடுங்கள். ஒரு கோப்புறையை வேறு இடத்துக்கு ரீஸ்டோர் செய்து (மீட்டெடுத்து), மூலக் கோப்புகளின் எஸ்எச்ஏ-256 மதிப்போடு (கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். 6 டிபி எழுத, டிரைவின் முழு வேகமான விநாடிக்கு 300 எம்பியிலேயே ஐந்தரை மணித்தியாலம் வேண்டும். ஒரு கிகாபிட் வலையமைப்பு வழியாக என்றால் பதினைந்துக்கு மேல். 'நேரமில்லை சேர்' என்பார்கள். அப்படியென்றால் அடுத்த நாள் வரட்டும், காசும் அடுத்த நாள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவதென்றால் விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும், தொலைபேசி 1977. சிப் வாசிப்பின் அச்சுப்பிரதியையும் பில்லையும் சேர்த்து நாங்கள் கொம்பனிக்கே முதலில் அனுப்பினோம். ஆறு டேப்பும் மறுநாளே மாறி வந்தன. கார்டு இன்னும் வரவில்லை.