நெசவாளிக்கு ஒரு பெயர்: 1427 புளோரன்ஸ் வரிக்கணக்குத் தளம்

1427-ன் புளோரன்ஸில் நடக்கும் என் குறுநாவலில் வரும் நெசவாளிக்கு ஆறு மாதமாக லொரென்ஸோ ஃபெராரி என்றுதான் பெயர். பெயர் பிடித்துத் தரும் ஒரு கட்டணச் சேவைக்கு 499 ரூபாய் கட்டி வாங்கியது. இடைக்கால இத்தாலி, ஆண், கைத்தொழில் செய்பவன் என்று விவரமாகத்தான் கேட்டிருந்தேன். கைப்பிரதியைப் படித்த தோழி ஒருத்தி, இத்தாலிய வரலாறு படித்தவள், முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டாள். “அக்கா, இவன் எந்த ஊர்க்காரன்? புளோரன்ஸ்காரன் மாதிரித் தெரியலையே.”

ஃபெராரி வடக்கத்திப் பெயர். கொல்லர் தொழிலிலிருந்து வந்த அதே பெயர் புளோரன்ஸ் இருக்கும் தஸ்கனிப் பகுதியில் ஃபாப்ரி என்று வரும். அதைவிடப் பெரிய பிழை, 1427-ல் கூலிக்குத் தறியில் உட்கார்ந்த ஒருவனுக்கு நான் குடும்பப் பெயர் கொடுத்தது. என் அப்பா செல்லூரில் தறி நெய்தவர். ஒரு நெசவாளியின் பெயரை நானே தப்பாக எழுதியது எனக்குப் பொறுக்கவில்லை.

அவள்தான் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ‘கத்தாஸ்தோ’ தளத்தைக் காட்டினாள். இலவசம். 1427-ல் புளோரன்ஸ் அரசு ஒரு புது வரி போட்டது, அதன் பெயர்தான் கத்தாஸ்தோ. வீட்டுக்கு வீடு சொத்து, கடன், தொழில், உண்ணும் வாய்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னது. வாய் ஒன்றுக்கு 200 ஃபுளோரின் (அன்றைய தங்க நாணயம்) கழிவு போக மிச்சத்துக்கு வரி. புளோரன்ஸின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 60,000 குடும்பங்கள். வரலாற்றாசிரியர்கள் டேவிட் ஹெர்லிஹியும் கிறிஸ்தியான் கிளாபிஷ்-சுபேரும் அந்தக் கணக்கைக் கணினியில் ஏற்றி, 1978-ல் தங்கள் பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். அதில் புளோரன்ஸ் நகரப் பகுதி, சுமார் 10,000 குடும்பம், இந்தத் தளத்தில் தேடக் கிடைக்கிறது.

பக்கத்தின் தோற்றம் பழசு. படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. தொழில்கள் எண்குறியாக இருப்பதால் முதல் நாள் குறிப்பட்டியலை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்துக்குக் கிடைத்த பலன் மிகப் பெரியது. அரசுக்குக் கணக்குக் கொடுத்த மனிதர்களின் பெயர்கள் இவை. பக்கத்திலேயே அவர்கள் இருந்த பேட்டையும் சொத்தும் வருகின்றன.

புளோரன்ஸ் நான்கு பகுதி, பகுதிக்குள் தனித்தனிக் கொடியோடு நான்கு பேட்டை, ஆக 16 கொடிப் பேட்டைகள். என் ஆள் ஆற்றுக்குத் தென்கரையில் கம்பளித் தொழிலாளிகள் நெருங்கி வாழ்ந்த ‘பச்சை டிராகன்’ பேட்டைக்காரன். அந்தப் பேட்டை வரிசையில் ஏழை வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். தன் பெயர், அப்பா பெயர், சிலருக்குத் தாத்தா பெயர். அவ்வளவுதான். ஸ்த்ரோத்ஸி, பார்தி, அல்பெர்த்தி எல்லாம் மேல்தட்டு வீடுகளின் பெயர்கள். அன்று நகரத்தின் பெரும் பணக்காரர் பாலா தி நொஃப்ரி ஸ்த்ரோத்ஸி. அவருக்கும் கூட நடுவில் அப்பா நொஃப்ரி உட்கார்ந்திருக்கிறார். ‘தி’ என்றால் ‘இன்னாருடைய’. இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஓவியர் மசாச்சோவும் 1427-ல் கணக்குக் கொடுத்தார். அதில் அவர் தொம்மாஸோ தி செர் ஜொவான்னி. ‘செர்’ என்ற ஒரு சொல்லே அப்பா பத்திரம் எழுதும் நோட்டரி என்று சொல்லிவிடுகிறது. தொம்மாஸோ சுருங்கி மாஸோ, அதோடு ‘அச்சோ’ ஒட்டி மசாச்சோ. தெருவில் கூப்பிடும் பெயர் அது. இந்த இரண்டு அடுக்கும் தெரியாமல் வசனம் எழுத முடியாது. ஜொவான்னியை வீட்டில் வன்னி என்றோ நான்னி என்றோ கூப்பிடுவார்கள். பர்த்தொலொமேயோ மேயோ ஆவான், யாக்கொப்போ லாப்போ ஆவான். வங்கித் தொழில் செய்த மெதிச்சி குடும்பத்து ஜொவான்னி தி பிச்சியின் அப்பாவுக்கு முழுப்பெயர் அவெரார்தோ. பிச்சி செல்லப் பெயர். வரலாற்றில் நிலைத்தது செல்லப் பெயர்தான்.

தலைமுறையையும் பார்க்க வேண்டும். 1427-ல் அடிக்கடி கண்ணில் படுபவை அந்தோனியோ, ஜொவான்னி, பியெரோ, பிரான்செஸ்கோ போன்ற புனிதர் பெயர்கள். பியெத்ரோ அல்ல, பியெரோ. ஜாக்கமோ அல்ல, யாக்கொப்போ. இன்று இத்தாலியில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும் ஜுசெப்பே அன்று அபூர்வம். அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் வாழ்த்தாகவே வைத்த பெயர்கள் நிறைய: தியொத்திசால்வி என்றால் ‘கடவுள் உன்னைக் காக்கட்டும்’, பென்வெனூத்தோ என்றால் ‘நல்வரவு’. பெஞ்சிவென்னியும் அந்த வகை. அது சுருங்கினால் சென்னி. ஓவியர் சிமாபுவேயின் இயற்பெயர் சென்னி தி பேபோ. சோழனைச் சென்னி என்று படித்த காதுக்கு அந்தப் பெயரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. என் நெசவாளியின் தாத்தாவுக்கு அதை வைத்தேன். இப்போது அவன் மேயோ தி நான்னி தி சென்னி.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். “தாத்தா பேரு அவனுக்கு வைக்கலையா?” என்று கேட்டார். சரியான கேள்வி. புளோரன்ஸிலும் இறந்த பெரியவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்து அவரை ‘மறுபடி செய்வது’ வழக்கம். பியெரோ தெ மெதிச்சி 1469-ல் இறந்தார், 1472-ல் பிறந்த பேரனுக்கு அதே பியெரோ. பேரன் என்ற சொல்லுக்குள்ளேயே பெயர் இருப்பது நமக்குத் தெரியும். அதனால் மேயோவின் கைக்குழந்தைக்கு நான்னி என்று பெயரிட்டேன். அந்த ஒரு பெயராலேயே தாத்தா நான்னி உயிரோடு இல்லை என்பது கதைக்குள் வந்துவிட்டது. அதற்காக எழுதியிருந்த ஒரு பத்தியை வெட்டினேன்.

தளத்தின் பெரிய குறை பெண்கள். குடும்பத் தலைவரின் பெயரில்தான் தேட முடியும். ஆகவே வருகிற பெண்கள் பெரும்பாலும் விதவைகள், பெயருக்கு முன்னால் ‘மோன்னா’ என்ற மரியாதைச் சொல்லோடு. மேயோவின் மனைவியைப் போன்றவர்கள் கணவனின் அறிக்கைக்குள்ளே இருக்கிறார்கள், இந்தத் தேடலில் வரமாட்டார்கள். புளோரன்ஸின் ஞானஸ்நானப் பதிவேடுகள் 1450 முதல் இருக்கின்றன, ஆனால் அவை என் கதைக்கு ஒரு தலைமுறை பிந்தியவை. நான் விதவைகளின் வரிசையை முழுக்கப் படித்து, கொந்தெஸ்ஸாவின் சுருக்கமான தெஸ்ஸாவை எடுத்துக்கொண்டேன். பெண்களை மையமாக வைத்து எழுதுபவருக்கு இந்தத் தளம் மட்டும் போதாது.

பிரெஞ்சுப் பெயர் தேடுபவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை. அவர்கள் 1292-ன் பாரிஸ் வரிப்பட்டியலைப் பார்க்கலாம். 1837-லேயே அச்சான நூல். ஜெஹான், கியோம் இவர்களோடு ஆலிஸ், அமெலின், பெரொனெல் என்று வரி கட்டிய பெண்களும் அதில் உண்டு.

இத்தாலிக் கதை எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரை முதலில் தேடாதீர்கள். பேட்டை எது, சொத்து எவ்வளவு என்று முடிவு செய்துவிட்டு உள்ளே போங்கள். அந்த வரிசையில் ஐம்பது வீடுகளையாவது வாய்விட்டுப் படியுங்கள். எனக்கு மேயோ முப்பத்தெட்டாவது வீட்டில் கிடைத்தான்.