கேமரா பை வாங்கப் போயி 87 வெள்ளி (ரிங்கிட்) போச்சு, நீங்களும் மாட்டிக்காதீங்க

மக்களே, இது கொஞ்சம் நீளமா போகும், ஒரு கோப்பி கலக்கி வச்சுக்கிட்டு படிங்க. பை மட்டமா வந்ததைக் கூட மன்னிச்சிருவேன், அதுக்கப்புறம் போன்ல ஒரு பட்டனை அமுக்குனேன் பாருங்க, அங்கதான் கவுந்தேன். ஆன்லைன்ல எது வாங்குறவங்களா இருந்தாலும் அந்த இடத்தை மட்டுமாவது படிச்சிட்டுப் போங்க.

நான் இருக்கிறது மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட். கையில இருக்கிறது அப்பாவோட ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2 ஃபிலிம் கேமரா, அவரு தோட்டத்துல கிராணியா (கணக்குப்பிள்ளையா) இருந்தப்ப ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கினது. 1980ல வந்த மாடல். சோப்பு டப்பா சைஸ்தான், நீளம் பத்து சென்டிமீட்டர் சொச்சம், எடை 200 கிராம். முன்னாடி இருக்கிற மூடியை பக்கவாட்டுல தள்ளினா லென்ஸ் தெரியும், மூடினா லென்ஸும் மறைஞ்சிடும் ஷட்டரும் லாக் ஆயிடும். இதோட அண்ணன் எக்ஸ்ஏவை 1979ல கொண்டாந்த மாய்த்தானிங்கிற ஜப்பான்காரரு, தனியா உறையும் வேணாம் லென்ஸ் மூடியும் வேணாம், அப்படியே பாக்கெட்ல போட்டுக்கிட்டு போகட்டும்னுதான் இந்தத் தள்ளு மூடியையே யோசிச்சாரு. அப்ப உனக்கு எதுக்குடா பைன்னு கேப்பீங்க. அவருக்கென்ன, செம்பனைத் தோட்டத்துக்குள்ள போற செம்மண் ரோட்டுல மோட்டார் ஓட்டிப் பாத்திருந்தா தெரியும்லா. நாலு மணிக்கு மேல மழை வேற. அதோட பிளாஷ் ஒண்ணு இருக்கு, ஏ11ன்னு, கேமரா பக்கத்துல திருகி மாட்டுறது, மாட்டினா மொத்த நீளம் பதினாலு சென்டிமீட்டரைத் தாண்டிடும். அப்பா வச்சிருந்த பழைய உறைக்குள்ள இருந்த ஸ்பாஞ்சு உருகி தார் மாதிரி கையில ஒட்ட ஆரம்பிச்சிருச்சு, அதைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் புதுசு தேட ஆரம்பிச்சேன்.

தேடிப் பாத்தவங்களுக்குத் தெரியும், இந்த சைஸுக்கு பை கிடைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. டிஜிட்டல் கேமரா பைன்னு விக்கிறது ஒண்ணு ரொம்ப ஒல்லியா இருக்கும், பிளாஷ் புகாது, இல்லாட்டி பெரிய கேமராவுக்கு செஞ்சதா இருக்கும், உள்ள போட்டா நம்ம கேமரா அண்டாவுல விழுந்த கொட்டைப்பாக்கு மாதிரி உருளும். அப்பத்தான் ஷாப்பிங் ஆப் ஒண்ணுல ஒரு ஆன்லைன் கடை கண்ணுல பட்டுச்சு. பேரு சொல்லல, சொல்லியும் பிரயோஜனம் இல்ல, ஏன்னு கடைசில புரியும். அசல் மாட்டுத்தோல், கையால தைச்சது, எக்ஸ்ஏ2 பிளாஷோட புகும், ஈப்போ ரெடி ஸ்டாக். 79 வெள்ளி, போஸ்டேஜ் 8 வெள்ளி. போட்டோவுல ஒரு ஆம்பளை கை பையைப் பிடிச்சிருக்கும், கட்டைவிரல் நகம் நடுவுல பிளந்து கருத்துப் போயிருக்கும். என்னை விழ வச்சதே அந்த நகம்தான். தோல் வேலை செய்ற ஆளு கை இப்படித்தான் இருக்கும், சுத்தியல் அடிபட்டிருக்கும்னு நானே ஒரு கதை கட்டிக்கிட்டேன்.

ஈப்போதானே, அரை மணி நேரத்துல வந்துருவேன், நேர்ல வாங்கிக்கிறேன்னு மெசேஜ் போட்டேன். கடையில ஆள் இல்ல பாஸ்கு, போஸ்ட் மட்டும்தான்னு பதில் வந்துச்சு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல.

பத்தொம்பது நாள் கழிச்சு, தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி பார்சல் வந்துச்சு. லேபிள் பூரா சீன எழுத்து. ஈப்போவாவது கீப்போவாவது. பிரிச்சா மண்ணெண்ணெயும் ரப்பர் செருப்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. பிளாஷை மாட்டி உள்ள விட்டேன், பாதியில நின்னுருச்சு. டேப் வச்சு அளந்தா வெளிய 15 சென்டிமீட்டர் சரியாத்தான் இருக்கு, உள்ள 12தான், மிச்சமெல்லாம் ஸ்பாஞ்சும் தையல் மடிப்பும் தின்னுருச்சு. விளம்பரத்துல போட்டிருந்தது வெளி அளவு. பிளாஷைக் கழட்டிட்டு வச்சா போகுது, ஆனா எடுக்க ரெண்டு விரலை விட்டு இழுக்கணும்.

பட்டன் விஷயம் இன்னும் மோசம். காந்த பட்டன் போட்டிருந்தான். இந்த பட்டனுக்குப் பின்னால ரெண்டு தகரக் கால் இருக்கும், துணியில குத்தி பின்பக்கம் மடக்கி விடுவாங்க, ஒழுங்கா செய்றவங்க அதுக்கு மேல இன்னொரு துணி வச்சு மறைச்சு தைப்பாங்க. இவன் காகிதம் மாதிரி ஒரு வெல்வெட் துணியை கம்மு போட்டு ஒட்டியிருக்கான், ரெண்டு நாள்ல அது உரிஞ்சு கால் ரெண்டும் வெளிய வந்துருச்சு. அப்பா இத்தனை வருஷம் கீறல் விழாம வச்சிருந்த கருப்பு மூடியில ஒலிம்பஸ்ங்கிற எழுத்துக்குக் கீழ இப்ப ரெண்டு கோடு, நகத்தால தடவினா தட்டுப்படுது. (இடையில பக்கத்து வீட்டு அண்ணே, காந்தம் பட்டா ஃபிலிம் அழிஞ்சிடுமேன்னு வேற பயமுறுத்துனாரு. அது கேசட்டுக்கு அண்ணே, ஃபிலிம்ல இருக்கிறது வெள்ளி உப்பு, அதுக்கு வெளிச்சம்தான் எமன்னு சொல்லி அனுப்பி வச்சேன்.)

வேற வழியில்லாம அதே பையோட தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போனேன். பை இறுக்கமா இருக்கிறதால கேமராவை வைக்கிறப்பவும் எடுக்கிறப்பவும் தள்ளு மூடி துணியில உரசி தானா திறந்துக்குது. இந்த கேமராவோட ஷட்டர் பட்டன் சாதாரணமா அமுக்குற பட்டன் இல்ல, சிவப்பா தட்டையா இருக்கும், விரல் பட்டாலே கிளிக் ஆயிடும். மூடி திறந்திருந்தா பைக்குள்ளயே அடிச்சிக்கும். எனக்கு எங்க தெரியுது அந்த மேளச் சத்தத்துல. எடுத்துப் பாக்குறப்பெல்லாம் ஷட்டர் அமுங்கல, ஃபிலிம் சுத்த மறந்துட்டோம்போலன்னு நெனச்சு பல்சக்கரத்தை சுத்திச் சுத்தி அடுத்த படத்துக்குப் போயிக்கிட்டே இருந்தேன். கழுவி வந்தப்ப 36 படத்துல ஏழு படம் வெறும் இருட்டு, ஒண்ணுல மட்டும் மேல ஒரு வெளிச்சக் கீத்து. ஃபிலிம் விக்கிற விலைக்கு பைக்குள்ள ஏழு படம் எடுத்த ஒரே ஆளு நானாத்தான் இருக்கும். போதாக்குறைக்கு படியிறங்குறப்ப வாரை மாட்டியிருந்த வளையம் வாயைப் பொளந்துக்கிச்சு, பத்த வைக்காத வளையம், சும்மா வளைச்சு விட்டிருக்கான். தொடையில தட்டி விழப்போனதை ஒரு கையால பிடிச்சேன், முருகன் புண்ணியம்.

மறுநாள் நம்ம ஊர்ல அஞ்சடியில (கடை முன்னாடி நடைபாதையில) செருப்பு தைக்கிற ஐயாகிட்ட வளையத்தை மாத்தக் கொண்டு போனேன். அவரு வளையத்தைப் பாக்கவே இல்ல, பையோட ஓரத்தை திருப்பி வெட்டுவாயைக் காட்டுனாரு. "இது தோலே இல்ல தம்பி. தோலுன்னா வெட்டுன இடத்துல நார் நாரா இருக்கும். இங்க பாரு வெள்ளையா, கொசுவலை மாதிரி. துணிக்கு மேல பிளாஸ்டிக் பூசியிருக்கான். நம்ம ஊரு வேக்காட்டுக்கு தோசை மாதிரி உரிஞ்சு வரும்." வளையம் மாத்தினா அஞ்சு வெள்ளி, ஆனா இதுக்குப் போடாதன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.

இனிமேத்தான் முக்கியமான இடம். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நான் நெனச்சதுக்கு மாறா ரொம்ப மரியாதையா பேசுனான். சோரி பாஸ்கு, ஸ்டாக் மாறிப் போச்சு, முழு காசும் தர்றேன், பையும் நீங்களே வச்சுக்கோங்க. ஆனா ரிட்டர்ன் கேஸ் போட்டீங்கன்னா சிஸ்டம் காசை பிடிச்சு வச்சிடும், என் கடைக்கும் பெனால்டி, அதனால முதல்ல 'பொருள் கிடைச்சிருச்சு'ங்கிற பட்டனை அமுக்குங்க, அஞ்சு நிமிஷத்துல உங்க பேங்குக்கே போட்டு விடுறேன். அவன் பேசுன பேச்சுல எனக்கே பாவமா போச்சு, அமுக்கிட்டேன். நாம குடுக்கிற காசு அதுவரைக்கும் கடைக்காரன் கைக்குப் போறதில்லங்க, அந்த ஆப்காரங்க கையில நிக்கும், நாம அந்த பட்டனை அமுக்குனாலோ, குறிச்ச நாள் தாண்டினாலோதான் அவனுக்கு விடுவாங்க. அமுக்குனதும் என்கிட்ட இருந்த ஒரே பிடியும் போச்சு. ஆப்ல புகார் பண்ணேன், நீங்களே திருப்தின்னு உறுதி பண்ணிட்டீங்கன்னு பதில்.

அஞ்சு நிமிஷம் போச்சு, அஞ்சு நாளும் போச்சு. ஆறாவது நாள் வேற நம்பர்ல இருந்து ஒரு லிங்க், ரீஃபண்ட் வாங்க இங்க தட்டுங்கன்னு. தட்டினா என் பேங்க் மாதிரியே ஒரு பக்கம், யூசர் நேம் பாஸ்வேர்ட் கேக்குது. வீட்டுக்காரி பக்கத்துல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவ எட்டிப் பாத்துட்டு, "ஏங்க, காசு குடுக்கிறவன் எதுக்குங்க உங்க பாஸ்வேர்டைக் கேக்குறான், கணக்கு நம்பர் போதாதா"ன்னா. போனை வச்சுட்டேன். யாராவது அவசரத்துல அடிச்சுத் தொலைச்சிருந்தா உடனே உங்க பேங்குக்கோ 997க்கோ கூப்பிடுங்க, மோசடிக்குன்னே இருக்கிற நம்பர் அது, விடிஞ்சதும் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போன்னு பல பேரு சொன்னாங்க. நல்ல இடம்தான், 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வந்தது, அஞ்சு வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும் விசாரிப்பாங்க, வக்கீல் வைக்கத் தேவையில்ல. ஆனா எதிராளி பேரும் விலாசமும் வேணும்லா. நான் தேடுனதுல கிடைச்ச விலாசம் வெளிநாட்டு குடோன் ஒண்ணு. ஊர்ல கடை வச்சிருக்கிறவன் ஏமாத்தியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்.

இப்ப கேமரா இருக்கிறது பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) 12 வெள்ளிக்கு வாங்குன இடுப்புப் பையில. கேமராவையும் பிளாஷையும் கையோட கொண்டு போய், கடைக்கார தம்பி முறைக்க முறைக்க எட்டு பையில விட்டு விட்டுப் பாத்துத்தான் எடுத்தேன். பட்டன் கிடையாது, ஜிப்தான், அதோட பல்லு உரசாம உள்பக்கம் துணி மடிச்சு தைச்சிருக்கு. பூசணம் பிடிக்காம இருக்க ரெண்டு சிலிக்கா பாக்கெட்டும் கிடக்குது. பாக்க மீன் விக்கிறவர் காசுப் பை மாதிரி இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.

நேத்து ராத்திரி சும்மா தேடிப் பாத்தேன். அந்தக் கடை இல்ல. வேற பேர்ல ஒரு கடை, இந்த வாட்டி பினாங்கு ரெடி ஸ்டாக்காம், விலை 69 வெள்ளி. போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தா அதே பை, அதே கை, நடுவுல பிளந்து கருத்துப் போன அதே கட்டைவிரல் நகம்.