‘பழைய ஃபேக்டரி ஸ்டாக்’ என்று .32 ஸ்பெஷல் தோட்டா விற்கிறார்கள், உஷார்

அமெரிக்காவில் பழைய வின்செஸ்டர் 94 ரைபிள் வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் குழலில் தோட்டா வகை .30-30 என்று இல்லாமல் .32 வின்செஸ்டர் ஸ்பெஷல் என்று பொறித்திருந்தால், தோட்டாவுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இருப்பது பென்சில்வேனியா. இங்கே மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் கூடாது. அதனால் தாத்தா காலத்து, விசைக்கு அடியில் உள்ள நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் லீவர் ஆக்‌ஷன்கள் இன்னும் காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. .30-30 தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். 1900களின் தொடக்கத்தில் வந்த அதன் தம்பி .32 ஸ்பெஷலுக்குத்தான் திண்டாட்டம். கம்பெனிகள் எப்போதாவது ஒரு சுற்று தயாரிப்பார்கள், வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். 2020 தட்டுப்பாட்டுக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். இப்படி ஆள் அலைவதைத்தான் ஏமாற்றுக்காரர்கள் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேட்டைத் துப்பாக்கி விளம்பரங்கள் வரும் இடத்தில் ஒருவர் மூன்று பெட்டி போட்டிருந்தார். பெட்டிக்கு 20, மொத்தம் 60 தோட்டா. பழைய மஞ்சள் அட்டைப்பெட்டி, ‘அப்பாவின் அலமாரியில் இருந்தது, ஃபேக்டரி லோடு, தொட்டதே இல்லை’ என்று குறிப்பு. பெட்டி 70 டாலர். வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் செயலியில்தான் பணம் வேண்டும் என்றார். அனுப்பினேன்.

பார்சல் தபால் துறையின் பெட்டியிலேயே வந்தது. அமெரிக்கத் தபாலில் தோட்டா அனுப்பவே கூடாது, தெரியுமல்லவா? தனியார் கூரியரில், அதற்கென்று உள்ள நிபந்தனைகளோடுதான் அனுப்பலாம்.

பெட்டி பழசு, உள்ளே இருந்தது வேறு. தோட்டாவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் ‘30-30 வின்’ என்ற முத்திரை. .30-30 கேஸின், அதாவது குண்டையும் பவுடரையும் தாங்கும் பித்தளைக் கூட்டின், கழுத்தை விரித்தால் .32 ஸ்பெஷல் கேஸ் ஆகிவிடும். ரீலோடிங், அதாவது கேஸில் தாங்களே பவுடரும் குண்டும் ஏற்றித் தோட்டா செய்பவர்கள் எல்லோரும் செய்வதுதான், அதில் தப்பில்லை. ஆனால் அதை ஃபேக்டரி தோட்டா என்று எப்படி விற்கலாம்? சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய இங்கே லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் கட்டாயம் வேண்டும். அதை மறைக்கத்தான் இந்தப் பழைய அட்டைப்பெட்டி நாடகம்.

இதோடு போயிருந்தால் பணம் நஷ்டம் என்று விட்டிருப்பேன். எட்டு தோட்டாக்களில் குண்டின் முனை கூராக இருந்தது. மாடல் 94இல் மேகசின் என்பது குழலுக்கு அடியில் ஓடும் நீளமான ட்யூப். அதற்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும், ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில் முட்டிக்கொண்டு. பிரைமர் என்பது தோட்டாவின் அடிப்பாக நடுவில் உள்ள, குத்தினால் பற்றிக்கொள்ளும் சிறு மூடி. சுடும்போது பின்னுதைப்பில் அந்தக் கூர் முனை பிரைமரைக் குத்தினால், துப்பாக்கியின் ஊசி செய்யும் வேலையை அதுவே செய்துவிடும். வெடிப்பது உங்கள் இடது கைக்குள். இந்த ரைபிள்களுக்குத் தட்டை முனைக் குண்டுதான் போடவேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். ஹார்னடி கம்பெனி லீவர் ரைபிள்களுக்கென்றே செய்யும் எஃப்டிஎக்ஸ் கூர் முனைக் குண்டு மட்டும் விலக்கு, அதன் நுனி ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும். எனக்கு வந்தவற்றில் நுனி முழுக்க செம்பு உறை.

ரீலோடிங் மேசையில் இருக்கும், தோட்டாவைத் தலைக்குள் மாட்டித் தட்டும் குண்டு கழற்றும் சுத்தியலால் குண்டுகளைக் கழற்றினேன். கூர் முனைக் குண்டுகளை காலிப்பரில் அளந்தால் .323 அங்குலம். .32 ஸ்பெஷலுக்கு வேண்டியது .321. ஆசாமி எட்டு மில்லிமீட்டர் மவுசருக்கான குண்டை எடுத்துச் செருகியிருக்கிறார்! அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குதானே என்று நினைக்காதீர்கள். அளவில் பெரிய குண்டைக் குறுகலான குழலுக்குள் தள்ளும்போது அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பின்பக்கம் பூட்டிக்கொள்ளும் இந்தப் பழைய ஆக்‌ஷன் நவீன போல்ட் ரைபிள் அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதும் அல்ல.

உள்ளே இருந்த பவுடரும் ஒரே ரகமில்லை. சிலவற்றில் குச்சி குச்சியாக, சிலவற்றில் மணி மணியாக. தராசில் போட்டால் தோட்டாவுக்குத் தோட்டா பல கிரெயின் (பவுடரையும் குண்டையும் நிறுக்கும் சிறு எடை அலகு) வித்தியாசம். காலியான கேஸ்களுக்குள் நுனி வளைத்த கம்பியை விட்டு அடிப்பக்கத்திலிருந்து மேலே இழுத்துப் பார்த்தேன். நாலைந்தில் கம்பி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றது. கேஸ் நீண்டு நீண்டு அந்த இடத்தில் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு முறை சுட்டால் அங்கேயே இரண்டாக அறுந்துகொள்ளும்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். ‘உள்ளது உள்ளபடி விற்றேன்’ என்று ஒரே வரி. பிறகு விளம்பரம் மறைந்தது, என்னையும் தடுத்துவிட்டார். நீங்களாக அனுப்பிய பணம், திருப்ப முடியாது என்று வங்கி கைவிரித்துவிட்டது. தபாலில் வந்ததால் தபால் துறையின் விசாரணைப் பிரிவான போஸ்டல் இன்ஸ்பெக்‌ஷன் சர்வீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். பெட்டியும் முகவரிச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. உங்களுக்கு இப்படி நடந்தால் எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

இன்னொரு ரகம் போலிக் கடைகள். .32 ஸ்பெஷல், .303 சாவேஜ், .348 வின்செஸ்டர் என்று நாடே தேடும் தோட்டா அத்தனையும் ‘கையிருப்பில்’, அதுவும் பாதி விலைக்கு என்று ஒரு தளம் சொன்னால் மூடிவிட்டுப் போய்விடுங்கள். அங்கே கெட்ட தோட்டாகூட வராது.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் விற்பவரிடம் தோட்டாக்களின் அடிப்பாகப் படம் கேளுங்கள். பெட்டிப் படம் எதற்கும் உதவாது. முத்திரை எல்லாம் ஒன்றா, பிரைமர் எல்லாம் ஒரே நிறமா, கழுத்து ஓரத்தை உள்நோக்கி மடக்கிக் குண்டைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிடிப்பைத்தான் கிரிம்ப் என்கிறோம். அது இல்லாவிட்டால் ட்யூபில் ஸ்பிரிங் அமுக்கும்போது குண்டு கேஸுக்குள் இறங்கி, அதுவே அழுத்தத்தை ஏற்றும்.

நான் இனி வெளியே வாங்கப்போவதில்லை. .30-30க்கான புதுக் கேஸ் வாங்கி, சரிவான எக்ஸ்பாண்டரில் கழுத்தை விரித்து, 170 கிரெயின் .321 தட்டை முனைக் குண்டு போட்டு நானே செய்துகொள்கிறேன். கேஸ்களை ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொண்டால்தான் கிரிம்ப் சீராக விழும், இதில் சோம்பல் கூடாது. பவுடர் அளவு அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான், எவரோ சொன்ன கணக்கு எதுவும் இல்லை. நேரம் பிடிக்கிற வேலைதான். சீசன் தொடங்குவதற்குள் ஒரு பெட்டி தேறினால் எனக்குப் போதும், ஒரு மானுக்கு ஒரு தோட்டாதானே.

நேற்று அதே மூன்று மஞ்சள் பெட்டிகள், அதே கட்டம் போட்ட மேசைவிரிப்பு, வேறு பெயரில் திரும்ப விளம்பரத்துக்கு வந்திருக்கின்றன. இப்போது பெட்டி 60 டாலர், ‘தாத்தாவின் அலமாரியில் இருந்தது’ என்று போட்டிருக்கிறார்.