பை முறை பீர்: முழுத் தண்ணீரா, அலசலா?

பை முறை என்றால், அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) துணிப்பையில் போட்டு வெந்நீரில் ஊறவைத்து, பையைத் தூக்கிச் சாற்றை வடிப்பது. 20 லிட்டர் பீருக்கு 5 கிலோ மால்ட், ஏறத்தாழ 30 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அத்தனையையும் ஒரே தடவையில் ஊற்றுவதா, 8 லிட்டரை ஒதுக்கிப் பையை அலசுவதா?

பாத்திரம்
முழுத் தண்ணீர்: 40 லிட்டர் கொள்ள வேண்டும்.
அலசல்: 35 போதும்.

சர்க்கரை
முழுத் தண்ணீர்: பிழிந்த பிறகும் சக்கையில் சுமார் 3 லிட்டர் சாறு தங்கும். அதன் அடர்த்தி பாத்திரத்தில் உள்ளதேதான், அவ்வளவும் நஷ்டம்.
அலசல்: தங்குவது நீர்த்த சாறு. மால்ட் 7 கிலோவைத் தாண்டினால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வேலை
முழுத் தண்ணீர்: தூக்கு, வடி, பிழி.
அலசல்: கூடுதலாக ஒரு பாத்திரம், 15 நிமிடம். நீர் 76 டிகிரியைத் தாண்டி, பி.எச். 6-க்கு மேல் ஏறினால் துவர்ப்பு சாற்றில் சேரும்.

இரண்டுக்கும் முன்னால் அரைப்பைப் பாருங்கள். முழு மணிகள் தெரிந்தால் அலசியும் பயனில்லை. அரைக்கும் மில்லின் ரோலர் இடைவெளியை 0.9 மி.மீ.க்குக் குறையுங்கள். மாவு கட்டிதட்டாமல் கிளறி, 66 டிகிரியில் 60 நிமிடம் ஊறட்டும். அரைப்பு கொரகொரப்பு என்றால் 90 நிமிடம்.

லேசான பீருக்கு முழுத் தண்ணீரே என் தேர்வு. அடர்ந்த பீர், சின்னப் பாத்திரம் என்றால் அலசுங்கள்.