நூலா, குட்டி பிரஷ்ஷா, வோட்டர் ஃப்ளொசரா?

பல்லிடுக்கைத் துப்புரவாக்க, தண்ணீர் பீச்சுகிற மெஷினான வோட்டர் ஃப்ளொசரை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறீர்களா, பிரிட்ஜ், இம்பிளான்ட் என்று நிரந்தரமாகப் பொருத்திய செயற்கைப் பல் ஏதும் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் வாங்குங்கள். கம்பிக்குக் கீழால் நூலைக் கோத்து ஒவ்வொரு பல்லாக இழுக்கிற பொறுமை பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வராது, தண்ணீர் அந்த இடங்களுக்குள் தானாகப் போய்விடும்.

மற்றவர்களுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1962இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பல் வைத்தியரும் ஒரு பொறியியலாளரும் சேர்ந்து உருவாக்கிய இந்த மெஷின், தண்ணீரை நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளாக முரசு ஓரத்தில் பீச்சுகிறது. இறைச்சி நார், பாக்குத் துகள் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆனால் பல்லில் ஒட்டியிருக்கும் அழுக்குப் படலத்துக்கு உரசல் வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பின் 2019 ஆய்வுத் தொகுப்பில், தண்ணீர் பீச்சுவது ஒரு மாத அளவில் முரசு அழற்சியைக் கொஞ்சம் குறைக்கலாம், படலத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றுதான் இருக்கிறது, அதுவும் உறுதி குறைந்த சான்றுகளை வைத்து.

நெருக்கமான பல்லுக்கு நூல்தான். மலிவு, கரண்ட் வேண்டாம், ஆனால் பல்லைச் சுற்றி வளைத்து மேலும் கீழும் உரச வேண்டும், சும்மா உள்ளே விட்டு எடுத்தால் பாதி வேலைதான். விரல் நடுங்குகிற வயதில் இது சரிவராது.

வெற்றிலை போட்டுப் போட்டு முரசு இறங்கி இடுக்கு அகன்றுபோன அப்பாக்கள், அம்மம்மாக்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு என் தெரிவு பல்லிடுக்குக் குட்டி பிரஷ். அந்த ஆய்வுத் தொகுப்பும் இது நூலைவிட நல்லதாக இருக்கலாம் என்கிறது. அமத்தித் திணிக்காமல் உள்ளே போகிற அளவு எது என்று பல் டொக்டரிடம் கேட்டு வாங்குங்கள், கழுவித் திரும்பவும் பாவிக்கலாம்.

மெஷின்தான் வேண்டும் என்றால் வன்னியில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று தண்ணீர். கேத்தலில் வெள்ளையாகப் படிகிற அதே கிணற்றுத் தண்ணீரைத் தாங்கிக்குள் விட்டால் முனைத் துளையிலும் அதேதான் படியும், பிறகு பீச்சும் வேகம் குறைந்து மெஷின் பழுது என்று நினைப்பீர்கள். கேனில் வாங்குகிற, உப்பு நீக்கிச் சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீரை விடுங்கள். ஆனால் மேசையில் வைக்கிற பெரிய ரகம் ஒரு தடவைக்கு 600 மில்லிலீற்றர் அளவு குடிக்கும், கையில் பிடிக்கிற சின்னதுக்கு அதில் பாதியும் வேண்டாம், தண்ணீர் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் இதையும் யோசிக்கத்தான் வேண்டும். படிந்துவிட்டால் வினாகிரி கலந்த தண்ணீரை ஓட விட்டு, அப்புறம் நல்ல தண்ணீரால் கழுவினால் கரையும்.

மற்றது கரண்ட். கனடாவிலிருந்து வருகிற சொந்தக்காரர் ஆசையாகக் கொண்டுவரும் மேசை மெஷின் அநேகமாக 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம்முடைய 230 வோல்ட்டில் நேரே குத்தினால் எரிந்துபோகும். யூ.எஸ்.பி.யில் சார்ஜ் போடுகிற ரகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், கரண்ட் நின்றாலும் ஓடும்.

பாவிக்கும்போது ஆகக் குறைந்த வேகத்தில், இளஞ்சூட்டுத் தண்ணீரில் தொடங்கி, பேசினுக்கு மேல் குனிந்து உதட்டை லேசாக மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்தான். பிரஷ் பண்ணுவதை இதை நம்பி விடக் கூடாது. கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைட்டால் பல்லில் வந்த மண்ணிறக் கறையும், இறுகிப்போன காரையும் இந்த மூன்றில் எதற்கும் போகாது. காரை எடுக்க அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போங்கள். இடுக்கு துப்புரவாக்கத் தொடங்கிய முதல் சில நாள் கொஞ்சம் இரத்தம் வருவது வழமை, இரண்டு கிழமை தாண்டியும் வந்தால், முக்கியமாகச் சீனி வருத்தம் உள்ளவர்கள், பிந்தாமல் காட்டிவிடுங்கள்.