முதல் ஆட்டத்துக்கு எது பொருந்தும்? மூன்று மேசைப் பாத்திர ஆட்டங்கள்: ஓர் ஒப்பீடு

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஆட்டத்தை நடத்துபவர் சூழலை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தச் சூழலில் தாம் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் மட்டும் பகடை உருள்கிறது. மேசைப் பாத்திர ஆட்டம் என்பது இவ்வளவுதான். இதுவரை ஆடியிராத ஒருவர் இதைப் பற்றிக் கேட்டால், தெரிந்தவர்கள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்தையே எடுத்து நீட்டுகிறார்கள். சிங்கப்பூரில் தமிழ் பேசும் பெரியவர்கள் கூடும் மேசைக்கு அது நல்ல தொடக்கம்தானா என்பதில் எனக்கு ஐயமுண்டு. அதனால் கால் ஆஃப் கதுலு, ஃபியாஸ்கோ ஆகிய இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த, வாளும் மந்திரமும் கொண்ட வீரர்கள் டிராகன் போன்றவற்றோடு மோதும் டன்ஜன்ஸ்தான் இவ்வகை ஆட்டங்களுக்கு மூத்தது. இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டி, நடத்துபவர் வைத்திருக்கும் இலக்கை எட்டினால் வெற்றி. இலக்கு 15, கூட்ட வேண்டியது 3 என்றால் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 45 விழுக்காடு வாய்ப்பு. கணக்கு எளிதுதான். ஆனால் அதற்கு முன்பாகவே குலம், தொழில், மந்திரங்கள், ஆயுதங்கள் என்று தெரிவுகள் வரிசைகட்டி நிற்பதால், புதியவரின் முதல் மாலை ஒரு தாளை நிரப்புவதிலேயே கழிந்துவிடக்கூடும். ஆயத்தப் பாத்திரங்களைக் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு அந்தத் தாளே துணை என்பதையும் சொல்ல வேண்டும்: என்ன பேசுவது என்று தெரியாதபோது தாளில் உள்ள ஒரு திறனைப் படித்துக் காட்டினாலே அவருடைய முறை ஓடிவிடும்.

சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து 1981இல் வெளிவந்த கால் ஆஃப் கதுலுவில் அப்படிப்பட்ட வீரர்கள் இல்லை. ஆசிரியர், நிருபர், குமாஸ்தா போன்ற சாதாரண மனிதர்கள் ஒரு திகில் மர்மத்தைத் துப்பறிகிறார்கள். ‘நூலகத் தேடல் 60’ என்று தாளில் இருந்தால், நூறு வரை காட்டும் பகடையில் 60 அல்லது அதற்குக் கீழ் விழ வேண்டும். பகடையையே பார்த்திராத என் வயதினருக்கும் இது விளக்கமின்றிப் புரிகிறது. 1936இல் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியை, அதாவது வட்டித்தொழில் நடக்கும் கடையை, கற்பனை செய்துகொள்வோம். நடத்துபவர் தொடங்க, ஆடுபவர் பதில் சொல்கிறார்.

“பேரேட்டைப் புரட்டுறீங்க அண்ணே. அறுபது வருஷக் கணக்கு, ஆனா எல்லாப் பக்கத்திலயும் ஒரே கையெழுத்து.”

“அந்தக் கணக்கப்பிள்ளை யாருன்னு தேடுறேன்.”

பகடையில் 73 விழுகிறது, தோல்வி. இங்கேதான் இந்த ஆட்டத்தின் அழகான விதி வருகிறது. ஆடுபவர் கூடுதலாக ஏதேனும் துணிந்து செய்தால், எடுத்துக்காட்டாக இரவு முழுவதும் அங்கேயே தங்கித் தேடினால், மறுபடி உருட்டலாம். ஆனால் அதுவும் தவறினால் விளைவு முன்னதைவிடக் கடுமையாக இருக்கும் என்று நடத்துபவர் எச்சரிப்பார். உருட்டுவதா, வேண்டாமா என்று மேசையே அமைதியாகும் அந்தக் கணத்தில், விதிப்புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவரும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார்.

நமக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் படிக்க முடிவதால், அக்காலத்துச் செய்தி ஒன்றையோ விளம்பரம் ஒன்றையோ அச்செடுத்துத் துப்பாக மேசையில் வைக்கலாம். குறை என்னவென்றால், நடத்துபவர் முன்கூட்டியே நிறையத் தயார் செய்தாக வேண்டும். மேலும், சண்டையில் வெல்ல வருபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். பாத்திரங்கள் மனநிலை தடுமாறுவதும் மாண்டுபோவதும் இங்கே இயல்பு.

ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ஃபியாஸ்கோ (2009) வேறு வகை. இதில் நடத்துபவரே இல்லை, முன்தயாரிப்பும் இல்லை. மூன்று முதல் ஐந்து பேர், இரண்டு மூன்று மணி நேரம். பேராசைக்காரர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்ளும் கதை. சமூக மன்றத்தில் நடந்த திருமண விருந்தில் மொய் உறைகள் வைத்த பெட்டி காணாமல் போனது என்று தொடங்கினால் மாமன், மச்சான், பந்தல்காரர் எல்லாரும் வந்துவிடுவார்கள். மேடை நாடகத்தில் பழகியவர்களுக்கு இது விருந்து. மற்றவர்களுக்கு அவ்வளவு எளிதில்லை. பிடித்துக்கொள்ளத் தாளோ எண்ணோ இல்லாததால், ‘இப்போது உங்கள் காட்சி’ என்றதும் திகைத்துப்போவார்கள்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். டன்ஜன்ஸ் கதைகள் மாதக்கணக்கில் நீள்பவை. தேசிய சேவையிலும் சுழற்சி வேலையிலும் இருப்பவர்களைக் கொண்ட குழு ஒவ்வொரு வாரமும் முழுமையாகக் கூடுவது அரிது. கதுலு ஓரிரு மாலைகளில் முடியும் என்பதால் பெரியவர்களின் முதல் மேசைக்கு நான் அதையே வைப்பேன். அடிப்படை விதிகளும் ஒரு கதையும் அடங்கிய தொடக்கக் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. நாடகக் குழுவாக இருந்தால் மட்டும் ஃபியாஸ்கோ. மேசையில் இருப்பவர்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்றால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்: அவர்களுக்கு டிராகன் வேண்டும், வாள் வேண்டும், அடுத்த வாரம் தங்கள் பாத்திரம் இன்னும் வலுப்பெற வேண்டும், அதை முழுமையாகத் தருவது டன்ஜன்ஸ்தான்.